இருபத்தொன்றாம் தேதி வெளிச்சம்

இந்தப் பிப்ரவரியில் என் மனைவி தஹிபாவை ஏமாற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

நான் ஷாஸ்லி. எகிப்தில் அபு சிம்பலில், மலையைக் குடைந்த பெரிய கோயிலுக்கு வாசல் காவல். வருஷத்தில் இரண்டு நாள், பிப்ரவரியிலும் அக்டோபரிலும் இருபத்திரண்டாம் தேதி, விடியற்காலை வெயில் வாசலில் நுழைந்து கடைசி அறைச் சிலைகளின் மேல் விழும். உலகமே வந்து பார்க்கும். நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்குக் கூட்டத்தைத் தள்ளுகிற வேலை. வெயில் என்னைத் தாண்டி உள்ளே போகும், நான் போக முடியாது.

இந்த இருபத்திரண்டோடு எனக்கு ஓய்வு. அதிகாரி சின்னப் பையன், நல்லவன். கடைசி நாளாவது உள்ளே நின்று பாருங்கள், வீட்டில் இருப்பவர்களையும் அழைத்து வாருங்கள் என்றான்.

அங்கேதான் சிக்கல். என்னையும் கூட்டிப்போங்கள் என்று தஹிபா வருஷா வருஷம் கேட்பவள். எங்கள் நூபியர் வழக்கத்தில் ஒருத்தியைக் கூப்பிட்டால் தெருவே வரும். தஹிபா வந்தால் அவள் அக்கா, சித்தி, எதிர்வீட்டுக்காரி, ஒரு தட்டுப் பேரீச்சம்பழம், எல்லாம் வரும். தவிர, பக்கத்திலேயே, பெரிய கோயிலைக் கட்டிய ராஜா தன் ராணிக்குக் கட்டிய சின்னக் கோயில் வேறு இருக்கிறது. அதைப் பார்த்தாலே அவளுக்கு வாய் திறந்துவிடும்.

"அந்த மனுஷன் பொண்டாட்டிக்கு மலையையே குடைஞ்சு குடுத்தான். நீங்க அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வெக்கல."

எனக்கு ஒரே ஒரு தடவை, சத்தமில்லாமல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அணை கட்டியதில் ஏறி வந்த ஏரித் தண்ணீருக்குப் பயந்து கோயிலை அறுத்து மேலே நகர்த்துவதற்கு முன்னால் அந்த நாள் இருபத்தொன்றாக இருந்ததாம். எங்கள் ஊர்க் கிழவர்கள் இன்னமும் இருபத்தொன்று என்றுதான் சாதிப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியவங்க சொல்றதுதான் சரி, தஹிபா. மறுநாள் வெளியூர்க்காரங்களுக்காக வெச்சது. நீ இருபத்தொண்ணுக்கே வந்துடு."

உடனே தலையாட்டினாள். "சரிங்க" என்றாள். அவள் அத்தனை சீக்கிரம் சரி சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இருபத்தொன்று விடியலில் கதவைத் திறந்துவிட்டேன். பெண்கள் பாடிக்கொண்டே உள்ளே போனார்கள். நான் போகவில்லை. ஏமாந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. சூரியன் எழுந்தது. உள்ளே பாட்டு சட்டென்று நின்றது.

வெளியே வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "பாத்தாச்சு" என்றாள். மதியம் எனக்கு மீனில் பெரிய துண்டாக வைத்தாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தவித்தேன். சொல்லவில்லை.

மறுநாள் வெளுத்த அங்கி போட்டுக்கொண்டு போனேன். முன்வரிசையில் தலைப்பாகையோடு என் மைத்துனன் ஹம்தூன் நின்றிருந்தான்.

அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டான். "நேத்தே குடும்பத்தோட பாத்துட்டீங்களாம். உங்க இடத்தை மச்சானுக்கு விட்டுக்குடுத்துட்டீங்கன்னு அத்தை வந்து சொன்னாங்க. பெரிய மனசு மாமா. வாசலை மட்டும் பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டேன். வெயில் என்னைத் தாண்டி உள்ளே போயிற்று. சாயங்காலம் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தஹிபா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"ஏங்க, வெளிச்சம் ஒரே நாள்தான் வருமா? முன்னே பின்னே நாலஞ்சு நாள் கொஞ்சம் விலகி விழும். எங்க வீட்டுல குழந்தைக்குக்கூடத் தெரியும். நீங்க தினமும் கதவைத் திறந்ததும் டீக்கடைக்கு ஓடிடுவீங்க. திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

நான் டீயையே பார்த்தேன்.

"நேத்து உள்ள வந்திருக்கலாம். நீங்க பக்கத்துல நிக்கணும்னுதான் இத்தனை வருஷமா கேட்டேன்."

உள்ளே எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டேன்.

"நாலு சிலை. மூணு பேர் மேல வெளிச்சம் விழுந்துச்சு. ஓரத்துல ஒருத்தர் மட்டும் இருட்டுலயே உக்காந்திருந்தார். பாத்ததும் உங்க ஞாபகம் வந்துடுச்சு."