ஆடு கட்டாத அடிபம்பு

டெக்சாஸ் மாநிலத்தில் அந்தக் காலத்தில் இருந்த மொத்த சந்தேகத்தில் பாதிக்கு மேல் ஹூஸ்டனில் எங்கள் தெருக்கோடி வீட்டில்தான் குடியிருந்தது. அந்த வீட்டுக்காரர், தன்னைப் படைத்து முடித்த பிரம்மாவிடமே, "நீங்கதான் படைச்சீங்கங்கறதுக்கு என்ன ப்ரூஃப்?" என்று கேட்டுவிட்டுத்தான் பூமிக்கு இறங்கியிருப்பார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குச் சட்டென்று வராது. ஊருக்கெல்லாம் அவர் டவுட் சார்.

ஒருமுறை கோயிலுக்குப் போக அவர் காரில் ஏறித் தொலைத்தேன். சிக்னலில் பச்சை வந்தது, போனது, மறுபடி வந்தது. கார் நகரவில்லை. பின்னால் டெக்சாஸே நின்று ஹாரன் அடித்தது.

"சார், க்ரீன் சார்!"

"நமக்கு க்ரீன்மா. குறுக்க வர்றவனுக்கு ரெட்டுன்னு உனக்கு யார் சொன்னா?"

நானும் கழுத்தை நீட்டிக் குறுக்குத் தெருவைப் பார்த்தேன்.

அவர் மனைவியை நாங்கள் ஆன்ட்டி என்போம். பூமாதேவிக்கு இரண்டு படி மேலான பொறுமை. "கல்யாணத்தன்னிக்கு நாத்தனார் போட்ட முடிச்சையே இழுத்துப் பாத்த மனுஷன்மா இவரு. மண்டபமே கெட்டிமேளம் கொட்டுது, இவரு 'டைட்டா இருக்கா'ன்னு என்னைக் கேக்கறாரு" என்பார்.

அது எண்பதுகளின் நடுவில், எண்ணெய் விலை தலைகுப்புற விழுந்த நேரம். எண்ணெய்க் கம்பெனியில் குழாய் இறக்கும் எஞ்சினியராக இருந்த டவுட் சாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சும்மா இருக்கும் சந்தேகம் எவ்வளவு ஆபத்தானது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நாங்கள் ஒரு நல்ல காரியத்தில் இறங்கினோம். கோயிலுக்குப் போகிற தமிழர்களும் சர்ச்சுக்குப் போகிற தமிழர்களும் சேர்ந்து, மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்துக்கு அடிபம்பு வாங்கினோம். அங்கே மாடும் மனிதரும் ஒரே குட்டையில் குடித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் பேதியில் வாடின. ஆழ்துளைக் கிணறு போட்டு மூடி வைத்தாயிற்று, பம்பு போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. இதையெல்லாம் ஏற்பாடு செய்தவர் செல்லதுரை டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஒரே ஒரு தப்புச் செய்தார். அனுப்புவதற்கு முன்னால், "ஒருக்காப் பாத்துத் தாரும்" என்று பம்பை டவுட் சாரிடம் கொடுத்தார்.

மறுநாளே அவர் கராஜிலிருந்து கார் வெளியே போய், பம்பு உள்ளே வந்தது. உயரமான மரச் சட்டத்தில் பம்பு, கீழே தண்ணீர் டிரம். அடித்தால் தண்ணீர் மேலே ஏறி மறுபடி டிரம்மிலேயே விழும். ஆழக் கிணற்றின் பாரம் வேண்டுமென்று உள்ளே கம்பியில் இரும்புத் துண்டுகளைக் கோர்த்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் பம்பு அடிக்க வேண்டும். அப்புறம்தான் காபி.

"மோட்டார் வச்சு டெஸ்ட் பண்ணலாமே சார்?" என்று என் கணவர் கேட்டார். காபி சீக்கிரம் வேண்டும் அவருக்கு.

"மோட்டார் ஒரே மாதிரி அடிக்கும்பா. மனுஷன் அப்படியா அடிப்பான்? கோவத்துல ஒரு அடி, தூக்கத்துல ஒரு அடி."

டிரம் பக்கத்தில் முக்காலி போட்டு, பம்பில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பம்பு நன்றாக வேலை செய்யச் செய்ய அவர் முகம் வாடியது. "எங்கியோ ஒளிச்சு வச்சிருக்கு. சொல்ல மாட்டேங்குது" என்பார்.

தீபாவளி விருந்தன்று அது சொன்னது. என்னிடம்தான்.

எல்லோரும் அமெரிக்காக்காரர்கள் மாதிரி கைப்பிடியை மேலிருந்து கீழ்வரை அழகாக இழுத்து அடித்தார்கள். நான் புரசைவாக்கத்தில் வளர்ந்தவள். தெரு பம்பில் தண்ணீர் நிற்பதற்குள் குடத்தை நிரப்ப வேண்டும், பின்னால் வரிசையில் வசவு விழும். எங்களுக்கு நீள அடியெல்லாம் தெரியாது. பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டக்கு டக்கு டக்கென்று குட்டையாக, வெடுக்கு வெடுக்கென்று அடித்தேன். 'டங்' என்று ஒரு சத்தம். கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது.

விருந்து முழுக்கக் கராஜுக்குள் ஓடி வந்தது. எனக்கு அழுகை முட்டியது. டவுட் சார் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"கைப்பிடி போல்ட்டு! அடியே, இந்தப் பொண்ணுக்கு டபுள் அல்வா குடு! இத்தனை நாளா எங்கம்மா இருந்தே?"

அன்றிலிருந்து என் சாயந்தரங்கள் போயின. துணைக்கு மெட்ராஸில் வளர்ந்த பெண்களையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தார். குரோம்பேட்டைக்காரி வேகம், மயிலாப்பூர்க்காரி பலம் என்று தரம் பிரித்தார். போல்ட் உடையும், மாற்றுவார், மறுபடி உடைப்போம்.

எதிர்வீட்டு அமெரிக்கக் கிழவருக்கு எங்கள்மேல் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. இருட்டும் நேரத்தில் புடவைக்காரிகள் ஒரு கராஜுக்குள் போகிறார்கள், டங் டங்கென்று சத்தம், கால் நனைந்து வெளியே வருகிறார்கள். போலீஸை அழைத்துவிட்டார். வந்த போலீஸ்காரர் கேள்வி கேட்பதற்குள், டவுட் சார் அவர் பேட்ஜை நகத்தால் சுரண்டி, நிஜம்தானா என்று பார்த்தார். அப்புறம் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்ல வெயிட்டா இருக்கார்மா. இவரையும் அடிக்கச் சொல்லு."

அவரும் அடித்தார். காபியும் குடித்தார்.

இதற்குள் செல்லதுரை டாக்டருக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. மனுஷனுக்கு வேலையில்லை, பம்பையே பிடித்துக்கொண்டிருக்கிறார், தோட்டத்தில் கத்தரிக்காய் வேறு ஏகமாய்க் காய்த்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்து கராஜ் வாசலில் நின்றார்.

"என்ன ஐசே, பம்பைத் தாறீரோ இல்லையோ? கொன்டெய்னர் நாளைக்கு வெளிக்கிடுது. அங்க சனம் குட்டைத் தண்ணி குடிக்குது. நீர் உம்மட கத்தரிக்காய்க்குத் தண்ணி இறைக்கிறீர்!"

"தர மாட்டேன்" என்றார் டவுட் சார். பம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்?"

"ஆடு கட்டுவாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். ஆன்ட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"முன்னாடி எண்ணெய் தோண்டக் கம்பெனி என்னை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிச்சிருக்கு டாக்டர். ஒரு கிராமத்துல பம்பு போட்டேன். தண்ணி வந்தது, டான்ஸ் ஆடினாங்க. எனக்கு அன்னிக்கு ஒரு டவுட்டும் வரல. அடுத்த வருஷம் போய்ப் பாக்கறேன், பம்புல ஆடு கட்டியிருக்கு. பொம்பளைங்க அதைத் தாண்டிக் குட்டைக்குப் போறாங்க. ஒரே ஒரு போல்ட் போயிருந்தது. ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுண்டு, அவசரமா ஆட்டை அவுத்து விட்டாங்க. என் மனசு நோகக்கூடாதுன்னு." கைப்பிடியைத் தடவினார். "அவங்க பையனை நான் முதல் தடவை போனப்போ தோள்ல தூக்கியிருந்தேன். ரெண்டாவது தடவை அவன் இல்ல. கேக்கறதுக்கு எனக்குத் தைரியம் வரல. அன்னிலேர்ந்துதான் நான் எதையும் நம்பறதில்ல."

"அதுக்கு முன்னாடியும் இப்படித்தான்" என்றார் ஆன்ட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

டாக்டர் உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "எப்படி அடிக்கிறது, பிள்ளை? உம்மட மெட்ராஸ் அடியைக் காட்டும்" என்றார்.

அந்தக் கப்பல் போனது. பம்பு அடுத்த கப்பலில் போனது, எங்களால் உடைக்க முடியாத தடித்த போல்ட்டோடு. மற்ற போல்ட்டுகளையும் டவுட் சார் அதே அளவுக்கு மாற்றியிருந்தார், ஒரே ஸ்பானரால் அந்த ஊர்ப் பெண்களே கழற்றி மாட்டட்டும் என்று. அந்த ஸ்பானரையும் நம்பாமல் இன்னொன்றைக் கட்டி வைத்தார்.

சில மாதம் கழித்து ஒரு போட்டோ வந்தது. பம்பைச் சுற்றிச் சிரித்த முகங்கள். நாங்கள் கைதட்டினோம். டவுட் சார் பூதக்கண்ணாடி வைத்து மூலை மூலையாகப் பார்த்தார்.

"ஆடு இல்லையே சார்" என்றேன்.

"போட்டோவுக்காக அவுத்து விட்டிருப்பாங்க. அவங்க நல்ல மனுஷங்கம்மா, அதான் கஷ்டம்."

சொல்லாமல் கொள்ளாமல் போய் எடுக்க வேண்டும் என்று டாக்டரைப் படுத்தி எடுத்தார். மறு வருஷம் அப்படியும் ஒன்று வந்தது. யாரும் காமிராவைப் பார்க்கவில்லை. ஒரு பெண் பம்பு அடித்துக்கொண்டிருந்தாள், எங்களைப் போலவே குட்டை அடி. குடங்கள் வரிசையில் இருந்தன. கீழே, சிந்திய தண்ணீரில், ஓர் ஆடு.

போட்டோவை மறைக்கப் பார்த்தேன். விடவில்லை, வாங்கிக்கொண்டார். பூதக்கண்ணாடி ஆட்டின் கழுத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"கயிறு இருக்கா பாரும்மா. என் கண்ணை நம்ப முடியல."

"இல்ல சார். தண்ணி குடிக்குது."

"நல்லாப் பாரு."

"நல்லாப் பாத்துட்டேன் சார். கயிறு இல்ல."

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "சரி, நீ சொன்னா சரி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ஆன்ட்டி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து பார்த்தார்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. இன்றும் சிக்னலில் பச்சை விழுந்தால் நான் ஒரு நொடி நின்று, குறுக்கே வருகிறவர்களைப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுக்கிறேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு டவுட் சாரைத் தெரியாது.