தண்ணீர் ஊற்றி இறைத்த குழி

செஞ்சியில் கடல் கிடையாது. ராஜகிரிக் கோட்டையின் உச்சியில் ஏறிக் கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் இன்னொரு மலைதான் தெரியும். இந்த விஷயம் அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது என்பதைத் தேவேந்திரன் குழி தோண்டிய பிறகுதான் தெரிந்துகொண்டான்.

அவன் செல்போன் கடைக்காரன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதுக் கடை கட்டும்போது, அடியில் கார் நிறுத்த பேஸ்மென்ட் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். சென்னையில் எல்லாரும் அப்படித்தான் கட்டுகிறார்களாம். அவனிடம் கார் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடமும் இல்லை. ஆனாலும் நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு ஆள் ஆழம் தோண்டியும் புழுதிதான் பறந்தது.

குழியின் விளிம்பை ஒட்டி மீனம்பாளின் இட்லிக்கடைச் சுவர். புருஷன் போன பிறகு அவள் ஒற்றை ஆளாக நின்று எழுப்பிய கடை, அதைவிட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. மழைக்கு முன்னால் கான்கிரீட் போட்டுக் குழியை மேலே ஏற்றிவிடு, இல்லாவிட்டால் என் சுவர் சரிந்துவிடும் என்று தினமும் கெஞ்சுவாள். அவனும் தலையை ஆட்டுவான். அந்த நேரம் பார்த்து உதவிப் பொறியாளர் நெடுமாறன் வந்து வேலையை நிறுத்தினார்.

கடலோர மாவட்டங்களில் ஆழமாகத் தோண்டுகிற எவரும், அண்டைக் கட்டடங்களின் பாதுகாப்பை முன்னிட்டு, நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைத்து, நீர்மட்டம் இறங்கியதை அதிகாரி முன்னிலையில் மெய்ப்பித்த பின்னரே கான்கிரீட் போட வேண்டும் என்பது ஆணை. நல்ல ஆணைதான். கடற்கரை மணலில் ஊறுகிற தண்ணீர் பக்கத்து வீட்டையே குழிக்குள் இழுத்துவிடும்.

"சார், இது செஞ்சி சார். கடல் எங்க இருக்குது?"

"மரக்காணத்துல."

"மரக்காணம் எங்க, நம்ம ஊரு எங்க?"

"ரெண்டும் ஒரே மாவட்டம். மாவட்டம் கடலோரம்னா நீங்களும் கடலோரம்தான்."

பிறந்ததிலிருந்து கடற்கரையில் வாழ்ந்துவருவது தேவேந்திரனுக்கு அன்றுதான் தெரிந்தது. இறைக்கத் தண்ணீரே இல்லையே என்று மன்றாடினான். நெடுமாறன் நேர்மையானவர், கை நீட்டாதவர். நீட்டுகிறவராக இருந்திருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும். அவர் பொறுமையாக விளக்கினார்: நீர்மட்டம் இறங்கியது என்று எழுத வேண்டுமானால் முதலில் அது ஏறியிருக்க வேண்டும். தண்ணீரே இல்லை என்று எழுத ஆணையில் இடமில்லை.

"அப்ப இன்னா சார் பண்றது?"

"குழியில தண்ணி இருக்கணும். எங்கேருந்து வந்துதுன்னு ஆணை கேக்கல."

மறுநாள் டேங்கர் லாரிகள் வரிசையாக வந்தன. குழாயில் தண்ணீர் வராத தெரு அது. பெண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். இது குடிதண்ணீர் இல்லை, நிலத்தடி நீர் என்று லாரிக்காரர் அவர்களை விரட்டினார். நிரம்பிய குழியின் முன்னால் இளைஞர்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் 'செஞ்சி பீச்' ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

மீனம்பாள் மட்டும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். "காஞ்ச மண்ணுல தண்ணிய ஊத்துறீங்களே, என் செவுரு தாங்குமா?"

"உங்க செவுத்தக் காப்பாத்தத்தாம்மா இவ்ளோவும்" என்றார் நெடுமாறன்.

அவள் கேட்டது நியாயம் என்று தேவேந்திரனுக்குத் தெரியும். அதனால்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் போய் மோட்டாரைப் போட்டான்.

நீர்மட்டம் ஆணைப்படி இறங்கியது. நெடுமாறன் படிப்படியாகப் படம் எடுத்தார். தண்ணீர் அடியைத் தொட்டதும், ஊறிப்போன மண் பொலபொலவென்று சரிய, மீனம்பாளின் சுவர் இட்லிக் குண்டானோடு குழிக்குள் உட்கார்ந்தது. நல்லவேளை, உள்ளே யாருமில்லை. அவள் மண்ணை வாரித் தூற்றி அழுதாள். நிலத்தடி நீரின் அபாயம் செஞ்சியில் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகியுள்ளதாக அறிக்கை போனது. அனுமதியும் அன்றே வந்தது.

கட்டடம் எழும்பியது. கார் எதுவும் வராததால் பேஸ்மென்ட்டை மீனம்பாளுக்கே கடை வைக்கக் கொடுத்தான் தேவேந்திரன். வியாபாரம் நன்றாகவே நடந்தது. அதைப் பார்த்துவிட்டு, மறுபக்கத்து இடத்தில் அரிகிருஷ்ணன் என்ற ஜவுளிக்காரர் இன்னும் ஆழமாகத் தோண்ட ஆரம்பித்தார். குழியில் புழுதி பறந்தது. தேவேந்திரனுக்கு வயிறு எரிந்தது. மீனம்பாளைக் கூட்டிக்கொண்டு நெடுமாறனிடம் போனான்.

"பக்கத்துல தோண்டுறாங்க சார். இன்னும் ஒரு லாரி தண்ணிகூட ஊத்தல."

நெடுமாறன் அன்று ஏதோ அசதியில் மனுஷனாகப் பேசிவிட்டார். "அங்க தண்ணி ஊத்துனா உங்க பில்டிங்தாங்க சாயும். விட்டுடலாமே."

"சாஞ்சா சாயட்டும் சார்" என்றாள் மீனம்பாள். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான? நாங்க மட்டும் இன்னா இளிச்சவாயா?"