துண்டு போட்ட நாற்பது கணினிகள்

துண்டு போடுபவர் என்றோர் இனம் உண்டு. அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலில் இந்த இனம் என்றைக்கும் சேராது என்று நான் எழுதியே கொடுப்பேன். காரைக்குடிப் பேருந்து நிலையத்துக்குள் கல்லல் போகும் வண்டி திரும்பும்போதே கூடவே ஓடி, சன்னல் வழியாகக் கையை விட்டு, துண்டையோ, கைக்குட்டையையோ, பையையோ, ஒன்றுமில்லாவிட்டால் கையிலிருக்கும் கத்தரிக்காய்ப் பொட்டலத்தையோ இருக்கையில் வீசிவிட்டு, பிறகு நிதானமாக டீ குடிக்கப் போகிறாரே, அவரேதான். கல்யாணப் பந்தியில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் மூன்று நாற்காலிகளைச் சாய்த்து வைத்துக்கொண்டு "ஆள் வருது" என்கிறவரும் அவர்தான். ஆள் வருமா? வரலாம். சாம்பார் போய் ரசம் வந்த பிறகும் வராமல் இருக்கலாம். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

அவரைத் திருடர் என்று சொல்லிவிடாதீர்கள், பாவம். அவர் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. பயன்படுத்துவதுகூட இல்லை. பிறர் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும்: "இருக்கட்டுமே."

படிப்பு ஏற ஏற இந்தக் குணம் குறையும் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். பிறகு காரைக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் தமிழ் கற்பிக்கச் சேர்ந்தேன். நம்பிக்கை போயிற்று.

அங்கே கணினித் துறைத் தலைவர் பேராசிரியர் வயிரவன். கோட்டையூர்க்காரர். நல்ல மனிதர், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர், மாணவர்களுக்காக யாரிடமும் சண்டைக்குப் போகக்கூடியவர். ஆனால் கருத்தரங்கக் கூடம் ஆண்டு முழுவதும் புதன்கிழமைகளில் அவர் பெயரில்தான் இருக்கும். புதன்கிழமை அங்கே என்ன நடக்கும்? மின்விசிறி நடக்கும். "எதுக்கு சார் கூடம்?" என்று ஒருமுறை கேட்டேன். "திடீர்னு ஏதாச்சும் வந்துச்சுன்னா எங்குட்டுப் போறது?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

இப்படிப்பட்டவர் கையில் நாடு ஒரு சோதனைக்களத்தைக் கொடுத்தது. கணினி எனக்குத் தூரம். ஆய்வகப் பொறுப்பாளர் நாகஜோதி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பல ஊர்களில் கணினிகளை வைத்து, அவற்றைக் கம்பிகளால் பிணைத்து, வலைப்பின்னல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாரும் பொதுவில் பயன்படுத்தட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நீங்கள் காரைக்குடியில் உட்கார்ந்தபடியே திரையில் கோடு இழுக்கலாம்: இங்கே பத்துக் கணினி, அங்கே பத்து, நடுவில் இந்த வழி, அந்த வழி. இழுத்தபடியே அது நிஜமாக அமைந்துவிடும். தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று நடுவிலுள்ள கருவிகளுக்கு நீங்களே நிரல் எழுதிக் கட்டளையும் போடலாம். வேலை முடிந்ததும் 'விடுவி' என்று அழுத்தினால், எல்லாம் துடைக்கப்பட்டு அடுத்தவருக்குப் போகும். "மொத்தம் நாப்பத்தெட்டு கணினிதான் சார், அம்புட்டுப் பேருக்கும். புடிச்சாப் புடிச்சதுதான்" என்றார் நாகஜோதி.

சென்ற மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆராய்ச்சி மாணவி அர்ஷியா நாகஜோதியின் மேசைக்கு முன்னால் கண் கலங்கி நின்றுகொண்டிருந்தாள். எங்கோ ஒரு கம்பி அறுந்தால், மறுபக்கம் இருப்பவருக்குத் தெரியாத வேகத்தில் தகவலை வேறு வழியில் திருப்பிவிடுவதற்கு அவள் ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறாள். நான்கு வருட உழைப்பு. ஆய்வேட்டைத் திருத்திய தேர்வாளர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: மூன்று கணினியில் காட்டியது போதாது, முப்பதில் காட்டவும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

"முப்பது கேட்டா, அடுத்த மாசம் வாங்கன்னு சொல்லுது சார்" என்றாள் என்னிடம். "வெள்ளிக்கிழமை போச்சுன்னா திருச்சி வேலையும் போச்சு. பட்டம் உறுதியாகணும்னு ஆர்டர்லயே போட்டிருக்காக. எங்க அத்தா பன்னெண்டு வருசமா சவூதில இருக்காக. நான் வேலைக்குச் சேர்ந்ததும் வந்துருங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

நாகஜோதி திரையைத் திருப்பிக் காட்டினார். நாற்பத்தெட்டில் நாற்பது ஒரே பெயரில் இருந்தன. பெயர் 'டெம்ப்-2'. தற்காலிகம் என்பதன் சுருக்கமாம். பிடித்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. யார் பிடித்தது என்று அதில் போடுவதில்லை. திட்டத்தின் பெயர் மட்டும்தான்.

"அப்படி என்னதான் செய்யுது அந்த நாற்பதும்?" என்றேன்.

"சும்மா கெடந்தா பிடுங்கிருவாகன்னு ஒரு நிரல் எழுதிப் போட்டிருக்கு சார். நாப்பதும் ஒண்ணை ஒண்ணு 'இருக்கியா?'ன்னு கேக்கும். 'இருக்கேன்'னு சொல்லும். ராத்திரி பகலா அதான் வேலை. வாராவாரம் 'நீட்டி'ன்னு அழுத்துறதையும் அதுவே அழுத்திக்கிரும். கானாடுகாத்தான்ல பூட்டிக் கெடக்குற செட்டியார் வீட்டையாச்சும் ஓட்டலுக்கு விடுறாக. இது யாருக்கு சார்?"

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நாற்பது கணினிகள் ஊர் ஊராக உட்கார்ந்து நலம் விசாரித்துக்கொண்டிருக்க, ஒரு பெண்ணின் நான்கு வருடம் வாசலில் நிற்பதா? நானும் அர்ஷியாவுமாக வயிரவனிடம் போனோம். அவர்தான் அர்ஷியாவின் நெறியாளர்.

அவர் கோபத்தோடு ஒப்பிட்டால் என்னுடையது கோபமே இல்லை. "யாரு அவன்? பதினாலு மாசமா?" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நீ கலங்காதம்மா. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம். ஐயா, நீங்க தமிழ் வாத்தியார், சூடா நாலு வரி சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல போட்டுக்கிறேன்."

அனல் நான் கொடுத்தேன். ஆங்கிலம் அவர் கொடுத்தார். பொதுச் சொத்தைத் தன் வீட்டுப் பத்தாயமாக நினைக்கும் புல்லுருவி யார்? வளரும் தலைமுறையின் கழுத்தை நெரிக்கும் இந்தக் கைக்குச் சொந்தக்காரரை நாடு பார்க்க வேண்டாமா? இப்படி ஒன்றரைப் பக்கம். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், கடிதம் நன்றாக வந்திருந்தது. நிர்வாகிக்கு மட்டும் அனுப்பினால் குப்பையில் போடுவார் என்று, சோதனைக்களத்தைப் பயன்படுத்தும் அத்தனை பேருக்கும் சேர்த்தே அனுப்பினார் வயிரவன்.

அரை மணி நேரத்தில் சோதனைக்கள நிர்வாகி வெங்கட்ராமனிடமிருந்து பதில் வந்தது. மிகப் பணிவான பதில். அதுவும் அத்தனை பேருக்கும் வந்தது. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறோம். டெம்ப்-2 சென்ற ஆண்டு ஏப்ரலில், இரண்டு நாள் பயிலரங்குக்காக என்று காரணம் காட்டித் தங்கள் கணக்கிலிருந்து தொடங்கப்பட்டது. இதுவரை அறுபது முறை நீட்டிக்கப்பட்டுள்ளது. அதை விடுவித்துத் தருமாறு தங்களையே வேண்டுகிறோம்.'

நாடு பார்த்தது.

வயிரவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். அர்ஷியா சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். அந்தப் பயிலரங்கு எனக்கும் நினைவிருந்தது. முதல் நாள் குத்துவிளக்கு, குழுப்படம், மதியம் பிரியாணி. இரண்டாம் நாள் மழை என்று விடுமுறை விட்டுவிட்டார்கள். கணினிகளிடம் யாரும் சொல்லவில்லை.

வேறு யாராவது என்றால் கூனிக்குறுகியிருப்பார். இந்த இனத்தின் சிறப்பே அங்கேதான் இருக்கிறது. "பாத்தியாம்மா?" என்றார் நிமிர்ந்து. "ஒரு லெட்டர் போட்டேன், அரை மணி நேரத்துல வழி பொறந்துருச்சு. கேக்கிற விதத்துல கேக்கணும்."

"ஆமா சார்" என்றாள் அர்ஷியா. வேறென்ன சொல்வாள்? நெறியாளர் கையெழுத்து இன்னும் இரண்டு இடத்தில் பாக்கி இருக்கிறது.

"ஆனா நாப்பதையும் விட்டுர முடியாது. ஆகஸ்ட்ல ஒரு பயிலரங்கு வந்தாலும் வரும். ஒரு பத்து இருக்கட்டுமே."

முப்பது போதும்தான். ஆனால் இப்போது வேறொரு சிக்கல். அந்தக் கடிதங்களைப் படித்த அத்தனை பேரும் காலியாகப்போகும் இடத்துக்காக ஆளுக்கொரு துண்டோடு காத்துக்கொண்டிருப்பார்களே! வயிரவன் விடுவித்த நொடியில் எவராவது பாய்ந்து உட்கார்ந்துவிட்டால்? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஓடுகிற வண்டியில் தெரிந்தவருக்கு இடம் மாற்றிக் கொடுப்போம் அல்லவா, முழுதாக எழாமல், பாதி எழுந்து, அவர் ஒருபக்கமாக நுழையும்போது நாம் மறுபக்கமாக வெளியே வருவோமே, அதே முறைதான்.

"நான் எந்திரிக்கும்போதே நீ உக்காந்துரணும்மா. பேரு என்னன்னு யோசிச்சுக்கிட்டு நிக்காத, வாயில வந்ததைப் போடு. ரெடியா?"

"ரெடி சார்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

அவர் அழுத்தினார். அவளும் அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. முப்பதும் வந்துவிட்டன. அவசரத்தில் அவள் போட்ட பெயர் 'டெம்ப்-3'. நாகஜோதி கைதட்டினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைப்பானேன்?

புதனும் வியாழனும் அவள் அங்கேயே கிடந்தாள். கம்பிகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தாள், திரையில்தான். ஒவ்வொரு முறையும் தகவல் வேறு வழியில் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினாள். சவூதியிலிருக்கும் தகப்பனாருக்குப் போன் போட்டாள். "அத்தா, முடிஞ்சுருச்சு. டிக்கெட் போடுங்க" என்றவள் போனை நாகஜோதியிடம் கொடுத்துவிட்டாள்.

இத்தோடு முடித்திருந்தால் எவ்வளவு நல்ல கதை!

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பியபோது திரையில் ஒரு கேள்வி நின்றது. 'உங்கள் பணி முடிந்ததுபோல் தெரிகிறது. விடுவிக்கலாமா? நீட்டிக்கலாமா?' அதற்குக் கீழேயே புதிதாக ஒரு கடிதம், எல்லாருக்கும் பொதுவாக வந்தது. வேறு ஊர்க் கல்லூரி மாணவி, பெயர் சீதை. திங்கட்கிழமைக்குள் இருபது கணினிகள் கிடைத்தால்தான் ஆய்வேட்டை முடிக்க முடியுமாம். 'டெம்ப்-3 யாருடையது? தயவுசெய்து உதவுங்கள்.'

அர்ஷியா அதைப் படித்தாள். "பாவம்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அவள் விரல் 'விடுவி' வரைக்கும் போய் நின்றது.

"எக்ஸாமினர் இன்னொரு வரைபடம் கேட்டாகன்னா என்னக்கா செய்யுறது? விட்டா அம்புட்டையும் தொடச்சிரும். திரும்ப அடுக்க முழுசா ஒரு நாள் ஆகும்."

நாகஜோதி என்னைப் பார்த்தார். நான் நாகஜோதியைப் பார்த்தேன்.

அர்ஷியா 'நீட்டி'யை அழுத்தினாள். காரணம் எழுதச் சொல்லிக் கட்டம் வந்தது. 'பணி நடைபெறுகிறது' என்று எழுதினாள். "ஒரு வாரந்தானேக்கா" என்றாள். "இருக்கட்டுமே."

கடிதம் எழுத என்னிடம் அனல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் யாரும் கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. நம்ம பிள்ளை அல்லவா?

நீங்கள் இந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். பேருந்திலோ ரயிலிலோ உட்கார்ந்து இதைப் படித்து, வயிரவனை நினைத்துச் சிரித்து, அர்ஷியாவைக் கொஞ்சம் கடிந்துகொண்டீர்கள். நல்லது. பக்கத்து இருக்கையில் ஒரு பை இருக்கிறதே, அது உங்களுடையதா? அட, எடுக்க வேண்டாம். யாரும் இன்னும் கேட்கவில்லையே, இருக்கட்டும்.