பிசிறு வெட்டிய பூ

அன்று அந்தக் கொறங்காட்டில் இருந்தவர்கள்: நான், என் மகள் நந்தினி, அவளுடைய கல்லூரி ஆசிரியர், தோட்டத்துக்காரரின் மயிலைப் பசு ஒன்று. நடந்த நாசத்துக்குப் பசு காரணமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

காங்கேயம் பக்கம் மாடு மேய வேலி கட்டி விட்டிருக்கும் புல்வெளிதான் கொறங்காடு. அதில் இரண்டு இலையைத் தரையோடு ஒட்டிப் பரப்பி, நடுவில் முழ நீளத் தண்டு விட்டு, வெள்ளையாய்ப் பூத்து நின்றது ஒரு காட்டு ஆர்க்கிட். (ஆர்க்கிட் என்றால் ஊட்டியில் தொட்டியில் வைத்து விற்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.) நந்தினி ஒரு மாதம் அலைந்ததில் பூத்துக் கிடைத்தது அந்த ஒரே செடி. சார் நேரில் பார்த்துச் சரி என்றால்தான் அவளுக்குப் புராஜெக்ட்.

"நான் போயி சாரைக் கூட்டிட்டு வந்தர்றேன். மாடு வாய் வெக்காமப் பாத்துக்கங்கப்பா, அது போதும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். வாத்தியார் வருகிறார் என்றாலே இன்றும் எழுந்து நின்றுவிடுவேன். செடியில் குறை சொல்வாரோ, நம்மைக் கேள்வி கேட்பாரோ என்று பயந்து பயந்து பசுவை ஏழு தடவை விரட்டினேன். (அது அந்தக் கோடி வேலியோரம் படுத்திருந்தது.) பிறகு குனிந்து பார்த்தால், ஒவ்வொரு பூவிலும் இரண்டு நூல் தொங்கியது.

பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடமாக செக்கிங் வேலை. பிசிறு தொங்கினால் பீஸ் ரிஜெக்ட். நூல் வெட்டும் டிரிம்மர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். பதினோரு பூ, இருபத்திரண்டு பிசிறு. சுத்தமாக எடுத்துவிட்டேன்.

சார் வந்ததும் மண்டியிட்டு லென்ஸை வைத்தார். பதினோரு பூவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் பசுவைப் பார்த்தேன்.

"நந்தினி, பூவுக்கு ரெண்டு பக்கமும் தொங்கற இழை ஒண்ணுலயும் இல்லியே. அடிக்கட்டை எல்லாம் ஒரே அளவு வேற. இது புது வகையா இருக்கலாம்மா."

செடியைக் காத்துக் கொடுத்த குலசாமியைப் பார்ப்பதுபோல் மகள் என்னைப் பார்த்தாள். சார் யாரையோ அழைக்கப் போனை எடுத்தார். நாளைக்குப் பத்திரிகைக்காரர் வருவார், மறுநாள் விஞ்ஞானி வருவார், அதற்கடுத்த நாள் போலீஸ். பேசாமல் இருந்தால் சிக்குவது நானல்ல, அவள்.

"ஏனுங்க சார், புது வகையெல்லாம் இல்லீங்க. பிசிறுன்னு நாந்தான் வெட்டிப்போட்டனுங்க."

பையிலிருந்து இருபத்திரண்டையும் எடுத்து நீட்டினேன். (வெட்டிய நூலைத் தரையில் போடக் கூடாது என்பது கம்பெனி விதி.) நந்தினி என் பக்கம் திரும்பவே இல்லை. சார் ஒரு இழையை லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டிங் நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் தண்டின் நுனியில் இருந்த நான்கு மொட்டைக் காட்டினார்.

"இது விரியட்டும் கண்ணு. அதுவரைக்கும் அப்பாவ இந்தப் பக்கம் விட்றாத."

நான்கு நாளில் மொட்டு விரிந்தது, இழையோடு. புராஜெக்டும் நிறைவேறியது. இந்தச் செடி ஏன் குறைந்து வருகிறது என்று கடைசிப் பக்கத்தில் நந்தினி எழுதியிருந்தாள்: ஒன்று, அதிக மேய்ச்சல், இரண்டு, புல்வெளி வீட்டு மனையாவது, மூன்று, அப்பா. அன்றிலிருந்து வீட்டில் எனக்கு 'மூணாவது காரணம்' என்றுதான் பெயர். அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் திருத்தித் தள்ளிய சார், அந்த ஒரு வரியை மட்டும் தொடவில்லை.