அம்பாசிடரின் மூக்கு

புருஷனை மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டு ஊரில் காத்திருக்கும் பெண்களுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடித்தே தீரும். எங்கள் தெருவில் ஒருத்தி மொட்டைமாடி முழுக்க ரோஜாத் தொட்டிகளாக அடுக்கினாள். இன்னொருத்தி கேக் செய்யக் கற்றுக்கொண்டு தெருவையே குண்டாக்கினாள். எனக்குப் பிடித்தது, காரின் முன்பக்க சஸ்பென்ஷன்.

கார் என்றால், என்னைவிட வயதில் மூத்த ஒரு வெள்ளை அம்பாசிடர். என் கணவர் செந்தில் கல்யாணத்துக்கு முன்பே ஆசைப்பட்டு வாங்கியது. விழுப்புரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிறுத்தி, தார்ப்பாய் போர்த்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார். (ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியபோது என்னைவிட அதைத்தான் அதிகம் திரும்பிப் பார்த்தார். கவனித்தேன்.)

பள்ளத்தில் இறங்கினால் அதன் முன்பக்கம் தகர டப்பாவை உருட்டிவிட்டதுபோல் சத்தம் போடும். முன் சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளில் இருந்த ரப்பர் புஷ்கள் பொடிப்பொடியாகிவிட்டன. மெக்கானிக்கிடம் விடலாம் என்றால் செந்திலுக்கு மனசு வராது. "என் வண்டில வேற எவனும் கை வைக்கக் கூடாது. லீவுல வந்து நானே பாத்துக்கிறேன்" என்பார். போன லீவில் அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் எனக்குத் தெரியும். பாதி நாள் காருக்கு வெளியே அவர் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. இரண்டு வருடம் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் நான் அந்தக் கால்களிடம்தான் பேசினேன்.

வீட்டுக்குள்ளோ எங்களுக்குத் தனிமை என்பதே கிடையாது. அவர் வந்து இறங்கியதும் சொந்தபந்தம் எல்லாம் கூடிவிடும். பெட்டியைத் திறந்து சோப்பும் சென்ட்டும் தைலமும் பங்கு பிரித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் இந்த முறை அவர் போனில் ஒரு யோசனை சொன்னார்.

"மலரு, மெட்ராஸ்லேர்ந்து பஸ்ஸு புடிச்சி நான் திண்டிவனத்துல இறங்கிக்கிறேன். நீ நம்ம கார எடுத்துக்கினு வந்துடு. அங்கேர்ந்து வூடு வரைக்கும் நாம ரெண்டு பேரு மட்டும்."

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு மணி நேரம். மெதுவாக ஓட்டினால் ஒன்றேகால். அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்காக நான் எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டத் தயாராக இருந்தேன்.

தைரியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் இயற்பியல் டீச்சர். விசை, எடை, சுருள்வில் என்று பிளஸ் ஒன் பிள்ளைகளின் உயிரை எடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நைட்டிக்கு மேல் அவருடைய சட்டையை மாட்டிக்கொண்டு காருக்கு அடியில் போவேன். போனில் வீடியோவைப் போட்டு ஜாக்கியின் மேல் சாய்த்து வைப்பேன். அங்கிருந்து அவர் சொல்லச் சொல்ல, இங்கே நான் கழற்றுவேன். ஒருநாள் கன்னமெல்லாம் கிரீஸ் அப்பியிருந்தபோது, "ரொம்ப அழகா இருக்குது" என்றார். என்னையா, நான் துடைத்து வைத்த இரும்புக் கையையா என்று கேட்பதற்குள் நெட்வொர்க் போய்விட்டது. இன்றுவரை தெரியாது.

எல்லாம் மாட்டி முடியும் நிலையில் அவர் ஒன்றை அழுத்திச் சொன்னார். "நட்டெல்லாம் லேசா முறுக்கி வுடு. கடைசி டைட்டு மட்டும் வண்டிய தரையில இறக்கிட்டுதான். அதோட பாரம் மொத்தமும் ரப்பர் மேல உக்காரணும், புரியுதா?"

"பாரம்னா என்னான்னு எனக்கே பாடமா?" என்றேன் நான்.

அவர் வரும் வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டேன். காலையிலேயே வேலையை முடித்துவிடலாம் என்று பார்த்தால், கொட்டகை வாசலில் கையில் எலுமிச்சம்பழத்தோடு அத்தை நின்றார். செந்திலின் அம்மா. காலண்டர் தாளில் நல்ல நேரம் பார்க்காமல் பால் பாக்கெட்டைக்கூட வெட்ட மாட்டார்.

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பூச போட்டுக் கிளம்பிடு. ஜல்தியா ஆவட்டும்."

"இதோ அத்தை. கீழ இறக்கிட்டு ஒரு டைட்டு, அவ்ளோதான்."

"என்னாது? வேலய பாக்கி வச்சிக்கினு சக்கரத்த தரையில வைக்கிறதா? எம் புள்ள ஏறி வர்ற வண்டிம்மா இது. முழுசா முடிச்சிட்டு எறக்கு."

நான் யோசித்தேன். நட்டு நட்டுதானே, அந்தரத்தில் முறுக்கினால் என்ன, தரையில் முறுக்கினால் என்ன? (பிள்ளைகளே, இப்படி எழுதினால் முட்டை மார்க்தான் போடுவேன்.) சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அத்தனை நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் ஆயிற்று. ஜாக்கியை இறக்கி, எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றினேன். அன்று நான் செய்ததில் உருப்படியாக நடந்தது, அந்தப் பழம் நசுங்கியது ஒன்றுதான்.

கார் இறங்கியது. மூக்கு மட்டும் இறங்கவில்லை. பின்பக்கம் ஒழுங்காக இருக்க, முன்பக்கம் வானத்தில் எதையோ தேடுவதுபோல் தூக்கிக்கொண்டு நின்றது. பானெட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. மறுபடி கழற்றலாம் என்றால் பத்தேகால். அவருக்கு போன் போட்டால், பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பார் போல, எடுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை காரைச் சுற்றி வந்தார். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றி வளர்ந்த குடும்பம்.

"முன்னாடி பாரம் பத்தல. அவ்ளோதான். இதுக்குப் போயி அழுவியா?"

சொன்னதோடு நிற்கவில்லை. உள்ளே போய் அரை மூட்டை மல்லாட்டையை (வேர்க்கடலைதான்) இழுத்து வந்து முன் சீட்டுக்குக் கீழே வைத்தார். பிறகு புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, தானும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை, நீங்க..."

"நான் இல்லாம எப்பிடிம்மா போவ? வண்டி தூக்கிக்காது?"

என் ஒன்றேகால் மணி நேரம் அத்தையின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என்ன சொல்ல முடியும்? உங்கள் பிள்ளையோடு தனியாக இருக்க ஆசை என்று மாமியாரிடம் சொல்ல எந்த மருமகளுக்கு வாய் வரும்?

போகும் வழியெல்லாம் கார் சின்னக் கல்லுக்கும் குதித்தது. எனக்கு ரோடு பாதி, ஆகாயம் பாதியாகத் தெரிந்தது. லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தாண்டினார்கள். மயிலம் ரோடு பிரியும் இடத்தில் அத்தை மலைப் பக்கம் திரும்பி, "முருகா, எறக்கி வுடுப்பா" என்று கும்பிட்டார். என்னையா காரையா, தெரியவில்லை.

திண்டிவனத்தில் செந்தில் பெட்டியோடு நின்றிருந்தார். இளைத்திருந்தார். கண்ணாடி புதுசு. அவர் காரின் மூக்கைப் பார்த்தார். முன் சீட்டில் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது அவர் ஓட்டினார். பின் சீட்டில் பெட்டிகள். முன்னால் மூன்று பேர். அத்தை நடுவில். "நடுவுல இருந்தாதான் பாரம் ரெண்டு பக்கமும் சமமா வுழும்" என்று அத்தையே முடிவு செய்துவிட்டார். நான் ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டு, அத்தையின் கொண்டைக்கு மேலாக அவர் காதை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு வருடக் காத்திருப்புக்கு ஒரு காது!

விக்கிரவாண்டி வருவதற்குள் கார் தூக்கிப் போட்டதில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. டோல்கேட்டைத் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினார்.

"மலரு, கடைசி டைட்டு எங்க வச்சிப் பண்ண?"

"ஜாக்கி மேலயே" என்றேன், பேர் சொல்லித் திட்டு வாங்கும் மாணவியைப்போல.

"ரப்பர் அங்கயே முறுக்கிக்கினு நிக்குது. அது எப்பிடி எறங்கும்?"

டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார். மறுபடியும் அந்தக் கால்கள். ஆனால் இந்த முறை நானும் பக்கத்தில் படுத்து, பட்டுப்புடவையோடு உள்ளே போய்விட்டேன். (கிரீஸ் இன்னும் போகவில்லை.) ஆளுக்கு ஒரு ஸ்பேனர். நட்டைத் தளர்த்திவிட்டு வெளியே வந்து, இரண்டு பேரும் மட்கார்டைப் பிடித்து அமுக்க, கார் முனகிக்கொண்டே மெதுவாகத் தரைப் பக்கம் இறங்கி நின்றது. பிறகு மறுபடி அடியில் போய் முறுக்கினோம். ஒரே இழுப்பில் முடிகிற நட்டை அவர் நெடுநேரம் முறுக்கினார். நானும் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்தபோது அத்தை டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். காரின் மூக்கைப் பார்த்தார். கிரீஸ் அப்பிய எங்கள் இரண்டு முகங்களையும் பார்த்தார்.

"வண்டிதான் எறங்கிடிச்சே. இனிமே என் பாரம் என்னாத்துக்கு? வூட்டுல ஒல வைக்கணும். நான் பஸ்ஸுல போறேன்."

"அம்மா, ஏறும்மா" என்றார் அவர்.

"ஏய், போடா. நீங்க மெதுவா வாங்க. ரொம்ப மெதுவா" என்று சொல்லிவிட்டு, வந்த விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, எங்கள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்துகொண்டார்.

அரை மூட்டை மல்லாட்டையை மட்டும் விட்டுப் போயிருந்தார். உரித்துத் தின்றபடியே போனோம். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. வீட்டு வாசலில் உறவெல்லாம் கூடி நின்றபோது, இன்னொரு டோல்கேட் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

லீவு முடிந்து அவர் போய்விட்டார். கார் கொட்டகையில் மட்டமாக நிற்கிறது. முன் சீட்டின் இடுக்கில் மல்லாட்டைத் தோல் இன்னும் கிடக்கிறது. நான் பெருக்கவில்லை.

அத்தை அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். செந்தில் லீவு என்ற சொல்லை எடுத்தாலே போதும், போனுக்குள் தலையை நீட்டி, "எனக்கு முன் சீட்டா, பஸ்ஸா?" என்பார். வீடே சிரிக்கும்.

போன வாரம், இந்த வருடம் லீவு கிடைக்காது போலிருக்கிறது என்று அவர் சொன்னார். அத்தை என் பக்கம் திரும்பி, சிரிக்காமல், "எனக்கு முன் சீட்டா, பஸ்ஸா?" என்று அதையேதான் கேட்டார்.

"பஸ்ஸுதான் அத்தை" என்றேன்.