அடையாளம் தெரியாத தையல் டீச்சர்

எங்கள் வட்டார வரலாற்றுப் பாதுகாப்புச் சங்கம் மட்டும் இல்லாவிட்டால் இந்த ஊருக்கு நேற்று என்று ஒரு நாளே இருந்திருக்காது. இதை நான் செயலாளர் என்பதற்காகச் சொல்லவில்லை. தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கிறோம்.

சங்கம் இயங்குவது ஜெராக்ஸ் கடையின் மாடியில். அங்கே நடந்த புகைப்படக் கண்காட்சியில் ஒரு படம் எல்லோரையும் கவர்ந்தது. தையல் மெஷின் முன்னால் ஒரு பெண், பல்லிடுக்கில் நூலோடு சிரிக்கிறார். கீழே எங்கள் 'ஆய்வின்' முடிவு: 'அடையாளம் தெரியாத பெண்மணி'.

ஜெராக்ஸ் கடைக்காரம்மா மேலே ஏறி வந்தார்.

"சார், இது எங்கம்மா. படத்தைக் கொடுத்ததே நான்தான். செத்த பிறகாவது அவங்க பேரு ஒரு சுவர்ல இருக்கட்டும்னு ஆசைப்பட்டுக் கொடுத்தேன்."

விஷயம் உணர்ச்சிகரமானது. எனவே அவசரக் கூட்டம் போட்டோம்.

"ஆதாரம் இருக்காம்மா?" என்றார் தலைவர். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். தன் கையெழுத்தையே சந்தேகத்தோடு பார்ப்பவர்.

"உங்க ஸ்கூல் டவுசரைத் தைச்சதே எங்கம்மாதானே சார்?"

"தைச்சாங்க. நல்லாவே ஞாபகம் இருக்கு. ஆனா ஞாபகம் வேற, வரலாறு வேற."

"நீங்க மகளாச்சே," என்று வருந்தினார் பொருளாளர். "ஒருதலைப்பட்சமாப் போயிடும். வெளியாள் யாராவது சாட்சி சொல்லணும்."

"இங்க இருக்கிற அஞ்சு பேருமே அவங்களைத் தையல் டீச்சர்னு கூப்பிட்டவங்கதானே?"

"நாங்க சங்கம்மா. சங்கத்துக்கு எதுவும் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கக் கூடாது. அதுதான் நடுநிலை."

"அப்ப படத்தைத் திருப்பிக் கொடுங்க."

"அது உங்கம்மான்னு நிரூபிச்சிட்டுத் தாராளமா வாங்கிக்கலாம்."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்தார். "சரி சார், கீழ ஜெராக்ஸ் மெஷின் சும்மாத்தான் கிடக்கு" என்று இறங்கிப் போனார்.

மறுநாள் தெருவெங்கும் அதே படம். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் நகல் எடுக்காமலா ஒரிஜினலைத் தருவார் என்று யோசிக்காதது எங்கள் ஆய்வில் நேர்ந்த ஒரே குறை. படத்துக்கு மேலே அவர் அம்மாவின் பெயர் கொட்டை எழுத்தில். கீழே, 'இவங்களைத் தெரிஞ்சவங்க எழுதலாம்' என்று காலி இடம். கயிற்றில் ஒரு பேனா.

மாலைக்குள் இடமே இல்லை. 'என் கல்யாண ரவிக்கை இவங்க தைச்சதுதான்.' 'அளவு எடுக்கும்போது கிள்ளுவாங்க.' 'கிழிஞ்ச பையைச் சும்மாவே தைச்சுக் கொடுத்தாங்க.'

"ஆதாரமில்லாத வரலாறு பரவுதுய்யா," என்று தலைவர் கொதித்தார். பரவுவதைத் தடுத்துப் பாதுகாக்கும் பொருட்டு, கடை வாசலில் இருந்த போஸ்டரைப் பக்குவமாக உரித்து, சட்டம் போட்டுச் சங்கத்தின் சுவரில் மாட்டினோம்.

ஜெராக்ஸ் கடைக்காரம்மா வந்து பார்த்தார். சுவரில் அம்மாவின் பெயர் இருந்தது. "ரொம்ப நன்றி சார்," என்றார். எங்களைக் கிண்டல் செய்கிறாரா என்று விசாரிக்க ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறோம்.

போஸ்டருக்குக் கீழே நாங்கள் எழுதிய குறிப்பு: 'எழுதியவர்கள் அடையாளம் தெரியாத பொதுமக்கள்'. போஸ்டரில் முதல் வரி, 'என் முதல் டவுசர். கேட்காமலே ஒரு பாக்கெட் கூடுதலா வச்சாங்க.' கையெழுத்து தலைவருடையது. எங்கள் ஐந்து பேருக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஆதாரம்தான் இல்லை.