ஸ்டேஷனுக்கு ரெண்டு நிமிஷம்

"ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்று விளம்பரத்தில் இருந்த வீட்டை நோக்கி அவர் இருபத்து மூன்றாவது நிமிடமாக நடந்துகொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிஷம்னு போட்டிருந்தீங்களே?"

"ஆமா சார்," என்றார் வீட்டுத் தரகர், பக்கத்தில் ஸ்கூட்டரை மெல்ல ஓட்டிக்கொண்டே. "நானே வந்து பார்த்துட்டுத்தான் போட்டேன்."

"எதுல வந்தீங்க?"

"இதுலதான்."

"என்கிட்ட வண்டி இல்லையே."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கணும் சார் நீங்க."

அவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். நகரத்தின் ரயில், பேருந்து கால அட்டவணைகள் எல்லாம் அவர் கண்ணில் பட்ட பிறகுதான் அச்சேறும். 6.42 என்பதை 6.24 என்று அடித்துவிட்டால் அரைத் தூக்கத்திலும் பிடித்துவிடுவார். ஆனால் ஒருநாளும் நேரத்துக்கு வேலைக்கு வந்ததில்லை. அச்சகத்தில் அவருக்கு 'அட்டவணை' என்றே பெயர்.

குற்றம் அவருடையதல்ல, வீட்டினுடையது. அது நகரத்தின் கடைசி மூலையில் இருந்தது. ஒரு பேருந்து, இன்னொரு பேருந்து, அப்புறம் ரயில் என்று ஒன்றே முக்கால் மணி நேரம். போன வாரம் மேலாளர் கூப்பிட்டார்.

"இன்னும் மூணே தடவை. மூணாவது தடவை லேட்டானீங்கன்னா குடோன்ல காகிதக் கட்டு எண்ணப் போயிடுங்க. அங்க நீங்க எப்ப வந்தாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க."

பத்தொன்பது வருஷம் பிழை பார்த்த கண்கள் காகிதக் கட்டு எண்ணுவதா? அன்றைக்கே தரகரைப் பிடித்தார்.

"வீட்டுல மட்டும் தெரியக்கூடாது," என்று அப்போதே சொல்லிவைத்தார். மனைவி நீதிமன்ற ஒலிப்பதிவுகளைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்பவள். அவளுக்கு அமைதி வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மூலைக்கே போனார்கள். ரயில் பக்கம் என்றால் பேச்சையே எடுக்கவிட மாட்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

ஐந்து நிமிட வீட்டைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனபோது மணி பத்தேகால். முதல் தடவை முடிந்தது.

இரண்டாவது வீட்டைப் பற்றித் தரகர் சத்தியமே செய்தார். "ஸ்டேஷனுக்கு நேர் எதிர்ல சார். கதவைத் திறந்தா ஸ்டேஷன்தான்."

கதவைத் திறந்தார்கள். எதிரே ஸ்டேஷன்தான் இருந்தது. வாசலில் காவலர் ஒருவர் இவர்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டது ரயில்வே ஸ்டேஷன்."

"ஸ்டேஷன்னுதானே சார் சொன்னீங்க. நானும் யோசிச்சேன், உங்களுக்கு என்ன பயமோன்னு."

அன்றைக்கும் பத்து மணி ஆகிவிட்டது. மிச்சம் ஒரே தடவை.

அதற்குப் பிறகு அவருடைய காலைகள் போர்க்களமாயின. ஐந்தரைக்கு எழுந்துவிடுவார். "சாக்ஸ் ஒண்ணு எங்க? இந்த வீட்டுல எது வெச்ச இடத்துல இருக்கு? இந்த வீடு உருப்படுமா?" என்று கத்திக்கொண்டே அறை அறையாக நடப்பார். அலமாரிக் கதவு, குளியலறைக் கதவு, வாசல் கதவு என்று வரிசையாக அறைவார். மனைவியை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. வீட்டைத்தான் திட்டுவார். அங்கே வேறு யாரும் இல்லாததால் அவள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது வீட்டை வேலை முடிந்த பிறகுதான் போய்ப் பார்த்தார். ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஜன்னலிலிருந்து நடைமேடைப் பலகையைக் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. இறங்கி நடந்தால் நிஜமாகவே இரண்டு நிமிடம். போக ஒரு தடவை, வர ஒரு தடவை கைக்கடிகாரத்தில் அளந்து பார்த்தார். அங்கிருந்து அச்சகம் நான்காவது நிறுத்தம். வாடகையும் சம்பளத்துக்குள் அடங்கியது.

"எடுத்துக்கிறேன்," என்றார்.

தரகர் தலையைச் சொறிந்தார். "காலையிலதான் ஒரு அம்மா வந்து பார்த்துட்டு இதையே சொன்னாங்க."

"நான் ஐந்நூறு கூடத் தர்றேன்."

மறுநாள் தரகர் போன் செய்தார். "அந்தம்மாவும் ஐந்நூறு ஏத்திட்டாங்க சார்."

"ஆயிரம்."

"அவங்களும் ஆயிரம்தான்."

"யாருங்க அது? ஊர்ல வேற வீடே இல்லையா அவங்களுக்கு?"

"பாவம் சார். வீட்டுக்காரர் தொல்லை தாங்கலையாம். விடியறதுக்கு முன்னாடியே கத்த ஆரம்பிச்சுடுவாராம். கதவெல்லாம் படார் படார்னு சாத்துவாராம்."

"அந்த ஆளு மாடியிலயா இருக்கான்?"

"கூடவேதான் இருக்காராம்."

"சே. என்ன மனுஷன்."

அவருடைய வீட்டுக்காரர் அப்படியில்லை. கீழ்த்தளத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் சாதுவான மனிதர். வாடகையைக்கூடத் தலையசைத்துத்தான் வாங்குவார். முன்பணத்தைத் திரும்ப வாங்கினால்தான் போட்டியில் நிற்க முடியும் என்பதால் அன்று மாலை அவரிடம், "மாசக் கடைசியில காலி பண்றேன். வீட்டுல இப்போதைக்குத் தெரிய வேண்டாம்," என்றார். வீட்டுக்காரர் தலையசைத்தார். இரண்டே நாளில் வேறு ஒரு குடும்பத்துக்கும் தலையசைத்துவிட்டார்.

இப்போது திரும்பிப் போக வழியில்லை. சலவைக் கடை மாடி கிடைக்காவிட்டால் நடைமேடையில்தான் குடித்தனம்.

"அந்தம்மாவைப் பயமுறுத்துங்க," என்றார் தரகரிடம். "ரயில் போறப்ப செவுரு ஆடும், பாத்திரம் உருளும், காது செவிடாயிடும்னு சொல்லுங்க."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "சொன்னேன் சார். 'இப்ப கேட்டுக்கிட்டிருக்கிற சத்தத்துக்கு ரயில் எவ்வளவோ தேவலாம். அது நின்னு நின்னாவது போகும்'னுட்டாங்க."

அவர் பல்லைக் கடித்தார். "ரெண்டாயிரத்து ஐந்நூறு."

"சார், அந்த வாடகைக்கு..."

"தெரியும். சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டார். இனி மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டும். அதனால் என்ன, மதியத்தில் தூங்கலாம்.

அன்று இரவு மனைவி சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணு நினைச்சிருந்தேன். நடக்கல."

"எல்லாம் நடக்கும். நாளைக்குச் சாயங்காலம் உனக்கு ஒரு விஷயம் சொல்றேன்," என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. தரகர் சலவைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஓர் இடத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார். வீட்டு உரிமையாளர் வெளியூரில் இருந்ததால் சாவி, விண்ணப்பத் தாள் எல்லாம் சலவைக் கடைக்காரரின் பொறுப்பு.

"அந்தம்மா நேத்தே விலகிட்டாங்க சார்," என்றார் சலவைக் கடைக்காரர், சட்டை ஒன்றை மடித்துக்கொண்டே. "உங்க அளவுக்கு ஏற முடியலையாம். கண்ணு கலங்கிப் போச்சு. நீங்க இந்தத் தாளை நிரப்பிக் கொடுங்க. எங்கெங்க எழுதணும்னு புரியலன்னா, இந்தாங்க, அவங்க எழுதினது. இதைப் பார்த்து எழுதுங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். முதலில் கண்ணில் பட்டது பிழையே இல்லாத எழுத்து. அப்புறம் அந்த எழுத்து தெரிந்த எழுத்தாக இருந்தது. தற்போதைய விலாசம் என்ற இடத்தில் அவருடைய விலாசம் இருந்தது.

ரயில் ஒன்று வந்து, நின்று, போயிற்று. செவுரு ஆடவில்லை.

"இது என் சம்சாரம்," என்றார். "எனக்குத் தெரியாம எனக்காக வீடு தேடியிருக்கா. நான் அவளுக்குத் தெரியாம... ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மாத்தி மாத்தி வாடகையை ஏத்தி விட்டிருக்கோம். பாருங்க கூத்தை."

சலவைக் கடைக்காரர் மடிப்பதை நிறுத்தினார்.

"ஆனா ஒண்ணுதான் புரியல," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி. "வீட்டுக்காரர் தொல்லைன்னு ஏன் சொன்னா? எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்து பேசியே நான் பார்த்ததில்லையே."

சலவைக் கடைக்காரர் தாளை அவர் கையிலிருந்து மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அவங்க சொன்னது வாடகை வாங்குற வீட்டுக்காரரை இல்ல சார். மேல ஜன்னலோரமா ஒத்தைக் கட்டில் போடத்தான் இடம் அளந்துட்டுப் போனாங்க."